கடைமடைக்குத் தண்ணீர் விட்டவர்களுக்கு

இந்தத் தைப்பூசத்துக்கு வீட்டிலிருந்து நடந்தே போய்த் தெப்பம் பார்த்தேன். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்றும் சுற்றினேன். ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். போன வருடம் இதே நாளில் தெருமுனை வரை போய், பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தவன் நான். இடையில் கைகொடுத்தவர்கள் நிறையப் பேர். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று. நெஞ்சுவலி போனது, கால் வலு திரும்பவில்லை. பத்துப் படி ஏறினால் தொடை கல்லாகிவிடும், மூச்சு முட்டும். முதலில் காட்டிய இடத்தில், வயசாகிவிட்டது, படுத்து ஓய்வெடுங்கள் என்றார்கள். சரியென்று நாலு மாதம் படுத்தேன். கால் இன்னும் சூம்பியதுதான் மிச்சம். மகன் விரலில் மாட்டுகிற கருவி வாங்கி வந்தான். எப்போது பார்த்தாலும் 97, 98. "ஆக்ஸிஜன் நல்லாத்தானே இருக்கு, அப்பாவுக்கு நடக்கச் சோம்பல்" என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எனக்கே அப்படித்தான் தோன்றியது.

முதல் நன்றி, அப்புறம் போய்ப் பார்த்த மருத்துவர் அம்மாவுக்கு. சீட்டில் 'இதயச் செயலிழப்பு' என்று இருந்ததைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி அழ ஆரம்பித்துவிட்டாள். இதயம் நின்றுபோகவில்லை, இறைக்கிற வலுதான் குறைந்திருக்கிறது என்று முதலில் அவளைத் தேற்றினார். அப்புறம் என்னிடம், "ஐயா என்ன வேலை பார்த்தீங்க?" என்றார்.

பொதுப்பணித் துறையில் லஸ்கர். 31 வருடம் பெரியாறு பிரதானக் கால்வாயில் ஷட்டர் ஏற்றி இறக்கியவன். சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப உங்களுக்குச் சொல்றது ரொம்ப லேசு" என்றார்.

நல்ல இதயம், சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுமாம். அதில் தசைகளுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு. ஓடினால் 15, 20 லிட்டர் வரை ஏறும். அப்போது ஐந்தில் நாலு பங்கு உழைக்கிற தசைக்கே திருப்பி விடப்படும். என் இதயத்தால் அப்படி ஏற்ற முடியாது. அணையில் தண்ணீர் குறைந்தால் நாங்கள் என்ன செய்வோம்? முதலில் குடிதண்ணீர், அப்புறம் கள்ளந்திரி வரைக்கும் இருபோக வயல்கள், மிச்சம் இருந்தால் கடைமடையில் இருக்கிற மேலூர். உடம்பும் அதையேதான் செய்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் குறைவு வரக்கூடாது என்று நரம்புகள் காலுக்குப் போகிற குழாய்களைச் சுருக்கிவிடும். என் தொடைதான் மேலூர்.

விரல் கருவி பொய் சொல்லவில்லை. அது தண்ணீரின் தரத்தைச் சொல்கிறது, எத்தனை கன அடி ஓடுகிறது என்று சொல்லாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைந்துதான் இருந்தது, அந்த ரத்தம் கால் வரைக்கும் போதுமான அளவு வரவில்லை. வராத இடத்தில் தசை ஆக்ஸிஜன் இல்லாமலே ஒப்பேற்றப் பார்க்கும், அமிலம் சேரும், தசையிலுள்ள நரம்புகள் மூளைக்கு முறையிடும், மூளை மூச்சை விரட்டும். கடைமடைக்காரர்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகிற கதைதான்! நுரையீரலிலும் நீர் கோத்திருந்தது, அதற்கு மாத்திரை கொடுத்தார். நீர் வற்றிய பிறகும் நடந்தால் மூச்சு வாங்கியதற்குப் பெரிய காரணம் கால்தான்.

இரண்டாவது நன்றி, பிசியோதெரபி தம்பிக்கு. தண்ணீர் வராத வாய்க்கால் என்ன ஆகும்? மண் மேவும், கருவேலம் முளைக்கும். தசையிலும் அப்படித்தான் என்றார். மயிரிழைக் குழாய்கள் குறையும், ஆக்ஸிஜனை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியா குறையும், நெடுநேரம் உழைக்கிற இழைகள் குறைந்து சட்டென்று சோர்கிற இழைகள் கூடும். அதற்குப் பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டாலும் வயல் குடிக்காது. படுத்தே கிடந்த நாலு மாதம் அதைத்தான் செய்திருக்கிறது. மருத்துவர் அம்மா சம்மதம் சொன்ன பிறகு தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு அளந்தார், 190 மீட்டர். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்துக்கு மேல் விடமாட்டார், கொஞ்சம் தலை சுற்றினாலும் உட்காரவைத்துவிடுவார். ஏழு மாதம் கழித்து அதே தாழ்வாரத்தில் 340. எக்கோ ஸ்கேனில், இதயம் தன்னிடம் நிறைகிற ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளுகிற பங்கு 30 சதவீதத்திலிருந்து 33 ஆனதோடு சரி. மோட்டார் பழையதுதான், வாய்க்கால்தான் தூர்வாரப்பட்டிருக்கிறது.

மருமகளுக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வாள், இருந்தாலும் எழுதுகிறேன். தினம் காலையில் எடை பார்த்து நோட்டில் குறிப்பது அவள்தான். ஒரு தடவை மூணே நாளில் இரண்டு கிலோ ஏறியதும் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் போட்டவளும் அவள்தான். ஊறுகாயை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று இன்னும் தெரியவில்லை.

தெப்பக்குளத்துக் கீழ்க்கரையில் பூக்கட்டும் அக்காவுக்கும் நன்றி. நான் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார். இப்போதெல்லாம் அதில் உட்காராமல் கையைக் காட்டிவிட்டுப் போகிறேன். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். வேலையில் இருந்த காலத்தில் தண்ணீர் வரவில்லை என்று ஷட்டர் மேட்டில் நின்று என்னைப் பிடி பிடியென்று பிடித்தவர். "மேலயே இல்லைய்யா, நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினவன் நான். விஷயம் கேள்விப்பட்டு, உப்புப் போடாமல் அவித்த கடலையோடு வீட்டுக்கு வந்தார். என் முதல் சுற்றுக்குக் கூடவே நடந்தார். பாதியில் எனக்குக் கால் கனத்து நின்றபோது, "என்ன லஸ்கரே, கடைமடைக்கு வந்து சேரலையா?" என்றார். இருவரும் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தோம். அப்புறம் மிச்சப் பாதியையும் மெதுவாக நடந்து முடித்தோம்.