‘டேட்டா லாஸ் இல்லை’ என்ற உங்கள் அறிக்கை குறித்துப் புகார்

அனுப்புநர்
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்,
பம்ப் உதிரிபாக மொத்த விற்பனை நிலையம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
சர்வர் பராமரிப்பு நிறுவனம்.

பொருள்: உபுண்டு 18.04 இயங்குதளத்தில் ஓடிய சர்வரை 22.04 பதிப்புக்கு உயர்த்தியதில் டேட்டாபேஸ் இன்டெக்ஸ் (தேடுவதற்கான வரிசைப் பட்டியல்) பழுதானது – நிவாரணம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

உபுண்டு 18.04க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. புது சர்வர் எதுவும் வேண்டாம், இருக்கிற சர்வரிலேயே டேட்டா போகாமல் 22.04க்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்லி, ஆண்டுப் பராமரிப்புக்கு மேல் தனிக் கட்டணமும் வாங்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. திங்கள் காலை கடை திறந்ததும் பில் போட முடிந்தது. டேபிள் வாரியாக முன்பு எத்தனை வரி, பின்பு எத்தனை வரி என்று ஒப்பிட்டு, எல்லாம் சமம், ‘டேட்டா லாஸ் இல்லை’ என்ற அறிக்கையும் வந்தது.

அதன்பிறகுதான் கவுன்டரில் தகராறு ஆரம்பித்தது. இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல், புஷ் எல்லாவற்றுக்கும் எங்களிடம் நடுவில் கோடு போட்ட பார்ட் நம்பர்தான். நம்பரை அடித்தால் சிலவற்றுக்கு ‘அப்படி ஒரு ஐட்டம் இல்லை’ என்று வந்தது. குடோனில் சரக்கு இருக்கும்போதே இல்லை என்று சொல்லிப் பார்ட்டிகளைத் திருப்பி அனுப்பினோம். பில் போடுபவர்கள் அவசரத்துக்கு அதே நம்பரைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஒரே நம்பர் இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு டேபிளில் இருந்தும் சேர்த்துக்கொண்டது. இப்போது ஒரே பொருள் இரண்டு வரியில் கிடக்கிறது. ஒன்றில் ஸ்டாக் மைனஸில் ஓடுகிறது, மற்றதில் விற்காமல் தேங்கியதுபோல் நிற்கிறது. இந்தக் கணக்கை நம்பிக் கையில் இருக்கும் சரக்குக்கே மறுபடி ஆர்டர் போயிருக்கிறது.

புகார் கொடுத்தோம். ‘அப்ளிகேஷன் கோளாறு, உங்கள் மென்பொருள்காரரைக் கேளுங்கள்’ என்று டிக்கெட்டை மூடினீர்கள். அவரைக் கேட்டோம். அவர் காட்டியதைத்தான் கீழே எழுதுகிறேன், உங்கள் இன்ஜினியர் நின்று படிக்கட்டும்.

18.04இல் இருந்த ஜிலிப்சி (எழுத்து வரிசை விதிகளையும் தரும் அடிப்படை மென்பொருள் நூலகம்) 2.27. 22.04இல் இருப்பது 2.35. இடையில், 2018இல் வந்த 2.28இல், எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியே மாறிவிட்டது. எங்கள் டேட்டாபேஸின் லோக்கேல், அதாவது எந்த மொழி விதிப்படி வரிசைப்படுத்துவது என்ற அமைப்பு, அமெரிக்க ஆங்கிலம் (நிறுவிய நாளில் அப்படி வைத்தது உங்கள் ஆட்கள்தான், எழுத்தின் குறியீட்டு எண்படியே அடுக்கும் ‘சி’ லோக்கேலாக இருந்தால் இந்த வம்பே வந்திருக்காது). அந்த லோக்கேலில் 11, 1-1 என்ற இரண்டையும் சார்ட் செய்து பாருங்கள். பழைய ஜிலிப்சி 11ஐ முதலில் வைக்கும், புதியது 1-1ஐ முதலில் வைக்கும். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ்ஸின் இன்டெக்ஸ் பழைய விதிப்படி அடுக்கப்பட்டது, தேடுவதோ புதிய விதிப்படி. அகர வரிசையை மாற்றிவிட்டு அகராதியை மட்டும் பழையபடியே விட்டால், இருக்கிற சொல்லும் கிடைக்காது. வரிகளை எண்ணினால் இது தெரியவே தெரியாது. வரிகள் எல்லாம் டேபிளில் பத்திரமாகத்தான் இருக்கின்றன.

இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. போஸ்ட்கிரெஸ் விக்கியில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது, மேலே சொன்ன 11, 1-1 சோதனையும் அதில் உள்ளதுதான். டேட்டாபேஸின் லோக்கேல் பதிப்பு மாறினால் எச்சரிக்கும் வசதி போஸ்ட்கிரெஸ் 15இல்தான் வந்தது. நீங்கள் போட்டது 14. தானாக எச்சரிக்காது, செய்பவர்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்குத்தானே காசு கொடுக்கிறோம்?

இருந்த இடத்திலேயே உயர்த்தியது தவறென்று நான் சொல்லவில்லை. போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து 14க்குப் போகும்போது டேட்டா முழுவதையும் டம்ப்பாக வெளியே எடுத்து மறுபடி ஏற்றியிருந்தால் இன்டெக்ஸ் எல்லாம் புதிதாக உருவாகியிருக்கும். சீக்கிரம் முடிக்க, நகலெடுக்காமல் பழைய ஃபைல்களையே பயன்படுத்தும் லிங்க் முறையில் போனீர்கள், பழைய இன்டெக்ஸ் ஃபைல்கள் அப்படியே வந்துவிட்டன. அதுகூடப் பரவாயில்லை, அன்றே இன்டெக்ஸைப் புதிதாக அடுக்கும் ஒரு ரீஇன்டெக்ஸ் கட்டளை கொடுத்திருந்தால் போதும். லிங்க் முறையில் புதிய கிளஸ்டரை (டேட்டாபேஸ் தொகுப்பை) ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் பழையதற்குத் திரும்பவும் முடியாது. அப்கிரேடுக்கு முன் எடுத்த சர்வர் நகலான ஸ்னாப்ஷாட்டையோ அறிக்கை அனுப்பிய கையோடு அழித்துவிட்டீர்கள்.

இப்போது ரீஇன்டெக்ஸ் கொடுத்தால், ஒரே நம்பர் இரண்டு இருக்கிறது என்று யுனிக் இன்டெக்ஸ் உருவாகாமல் நிற்கிறது. தினமும் எடுக்கும் பேக்அப்பை வேறொரு மெஷினில் ஏற்றிப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. இரட்டை வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பில், கொள்முதல், ஸ்டாக் மூன்றையும் ஒரே வரிக்கு மாற்றிய பிறகுதான் மேலே போக முடியும். இதைக் கணக்குத் தெரிந்தவர்தான் செய்ய முடியும். எங்கள் ஆட்கள் கடை மூடியபிறகு உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அப்கிரேடுக்கு வாங்கிய கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தரவேண்டும். இரட்டை வரிகளைச் சரிசெய்ய மென்பொருள்காரருக்கும் எங்கள் ஊழியர்களுக்கும் ஆகும் கூலியை நீங்கள் ஏற்க வேண்டும். சர்வரில் உள்ள எல்லா டேட்டாபேஸ்களிலும் இன்டெக்ஸ் பழுதைச் சோதிக்கும் ஆம்செக் கருவியை ஓட்டி, எந்தெந்த இன்டெக்ஸ் பழுது என்ற பட்டியலை எழுத்தில் தரவேண்டும்; ‘எல்லாம் ஓகே’ என்ற ஒற்றை வரியை ஏற்கமாட்டோம். ‘அப்ளிகேஷன் கோளாறு’ என்று மூடிய டிக்கெட்டைத் திறந்து, காரணத்தைத் திருத்தி எழுத வேண்டும். இவை நடக்கும்வரை அடுத்த காலாண்டுக் கட்டணத்தை நிறுத்தி வைக்கிறோம்.

இதே முறையில் வேறு எத்தனை பேருடைய சர்வரை உயர்த்தினீர்களோ, அவர்களுக்கும் இந்த வாரமே தகவல் சொல்லுங்கள். இரட்டை வரி சேராத இடங்களில் இன்னும் ஒரு ரீஇன்டெக்ஸிலேயே வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்

இணைப்பு: ஜிலிப்சி சோதனையின் வெளியீடு, ரீஇன்டெக்ஸ் பிழைச் செய்தி, இரட்டை வரிகளின் பட்டியல், உங்கள் அறிக்கையின் நகல்.