அந்தப் புத்தகங்களைத் திறந்த அலமாரிக்கே திருப்பி அனுப்புங்கள்

மதிப்புக்குரிய நூல் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் சுற்றறிக்கைப்படி இளையோர் நாவல்களைப் பிரித்து எடுத்துவிட்டோம். சாவு, போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றைப் பேசும் கதைகள் எல்லாம் இப்போது ஆலோசகர் அறையில் ஒரு பூட்டிய அலமாரிக்குள் இருக்கின்றன. வேண்டும் என்பவர்கள் படிவம் நிரப்பி, பெற்றோர் கையொப்பம் வாங்கி வந்தால் எடுத்துத் தரலாம். எந்தப் புகாரில் இது தொடங்கியது, கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை மறுபடி கிளறப் போவதில்லை. பள்ளி நூலகராக என் கோரிக்கை ஒன்றே ஒன்று: அந்தப் புத்தகங்களைத் திறந்த அலமாரிக்கே திருப்பி அனுப்புங்கள்.

முதலில் அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவி. யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். குடிக்கு அடிமையான அப்பாவைப் பற்றிய ஒரு நாவலை நூலக நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துவந்தாள். வீட்டுக்கு எடுத்துப் போனதே இல்லை. பாதியில் புத்தகம் காணாமல் போனதும் வந்து கேட்டாள். படிவத்தைக் கொடுத்தேன். பெயர், வகுப்பு, நூலின் பெயர், 'இந்நூலைப் படிக்க விரும்பும் காரணம்', கடைசியில் பெற்றோர் கையொப்பம். காரணம் எழுத வேண்டிய கோட்டில் பேனாவை வைத்தவள், எழுதாமல் கீழே இருந்த கடைசி வரியைப் பார்த்தாள். "அப்பாகிட்டதான் வாங்கணுமா மிஸ்?" என்று கேட்டாள். அம்மாவிடமும் வாங்கலாம் என்றேன். "அம்மா போட்டாலும் அவருக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். அப்புறம் படிவத்தை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை மிஸ்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

குடிக்கும் தகப்பனைப் பற்றிய கதையைப் படிக்க, குடிக்கும் தகப்பனிடமே அனுமதி வாங்கி வா என்று அந்தப் பெண்ணை அனுப்பியிருக்கிறோம். இறந்துபோன அக்காவின் பெயரையே வீட்டில் யாரும் எடுக்காத ஒரு பையனிடம், இந்தக் கதை உனக்கு ஏன் வேண்டும் என்று எழுதிக் கொடு என்கிறோம். தன் மனசு சரியில்லை என்பதை ஒருவரிடமும் சொல்லத் துணியாத பிள்ளை, ஆலோசகர் அறை வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, கையில் படிவத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் எல்லாவற்றையும் பேச முடிகிற பிள்ளைக்கு இந்தப் படிவம் ஒரு தொந்தரவே இல்லை. அது அன்று மாலையே கையொப்பத்தோடு வந்துவிடும். பேச வழியில்லாத பிள்ளைதான் வெளியே நிற்கிறது. இதை வகுத்தவர்களுக்கு இந்த எண்ணம் இருந்திருக்காது என்றே நம்புகிறேன். நடப்பது இதுதான்.

சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது: 'இரவல் பதிவேட்டின்படி இந்நூல்களுக்கு மாணவரிடையே தேவை குறைவு.' பதிவேட்டை எழுதுகிறவள் நான். எண்கள் சரிதான். ஆனால் ஒருமுறை அந்தப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். யாரும் இரவல் வாங்காத புத்தகத்தின் முதுகு எப்படி விரிசல் விடும்? மூடி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், நடுவில் சில பக்கங்களின் ஓரம் மட்டும் விரல் பட்டுக் கறுத்திருக்கும். அந்த இடத்தையே பலர் தேடித் தேடித் திறந்திருக்கிறார்கள். இந்த நாவல்களை நிலப்பட நூல்களுக்குப் பின்னாலிருந்தும் அகராதிகளுக்கு அடியிலிருந்தும் நான் எடுத்திருக்கிறேன். மறுநாள் வந்து தொடர்வதற்காக யாரோ ஒளித்து வைத்தவை அவை. பல சமயம் பார்த்தும் பார்க்காததுபோல் அங்கேயே விட்டுவிடுவேன். பெயர் எழுதாமல், யாரிடமும் காரணம் சொல்லாமல், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே நின்றபடியே படித்துவிட்டுப் போக முடிகிற இடம் பள்ளியில் வேறெங்கும் இல்லை. அதை மூடினால் எத்தனை பேருக்கு இழப்பு என்பதைப் பதிவேடு காட்டாது.

சரி, உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். இத்தகைய கதைகளைப் படித்தால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்று கூட்டத்தில் சொன்னீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1774-ல் வெளிவந்த, ஜெர்மன் எழுத்தாளர் கெதேயின் நாவலில் வெர்தர் என்ற இளைஞன் நிறைவேறாத காதலால் உயிரை மாய்த்துக்கொள்கிறான். படித்தவர்கள் அவனைப் பின்பற்றுகிறார்கள் என்ற பயத்தில் மறு ஆண்டே லைப்சிக் நகரம் அந்த நூலைத் தடை செய்தது. 1974-ல் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற சமூகவியலாளர், தற்கொலைச் செய்தியை நாளிதழ்கள் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்ட பிறகு தற்கொலைகள் கூடுவதைக் காட்டி, அதை வெர்தர் விளைவு என்று அழைத்தார். 2017-ல் வெளியிட்ட ஒரு பதின்பருவத் தொடரில் இருந்த தற்கொலைக் காட்சியை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே 2019-ல் நீக்கியது. ஆகவே கதையால் ஆபத்தே வராது என்று நான் வாதாடவில்லை. சாவை அழகாக்கிக் காட்டும் கதை, வழிமுறையை விவரிக்கும் கதை, பழிவாங்கலாகவோ ஒரே தீர்வாகவோ சித்திரிக்கும் கதை என் அலமாரியிலும் இருக்க வேண்டாம்.

ஆனால் இதே துறையில் 2010-ல் வந்த இன்னொரு ஆய்வையும் நீங்கள் பார்க்க வேண்டும். ஆஸ்திரிய நாளிதழ்களை நீடர்குரோட்டன்தாலர் குழுவினர் ஆராய்ந்தார்கள். தற்கொலை எண்ணம் வந்தும், வேறு வழியில் அந்த நெருக்கடியைத் தாண்டியவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைந்திருந்தன. அதற்கு பாபகேனோ விளைவு என்று பெயரிட்டார்கள். 1791-ல் அரங்கேறிய மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' இசைநாடகத்தில் பாபகேனோ உயிரை விடத் துணிகிறபோது, அவனைத் தடுத்து, உனக்கு இன்னொரு வழி இருக்கிறதே என்று நினைவூட்டுகிறவர்கள் மூன்று சிறுவர்கள். இரண்டு ஆய்வுகளும் நாளிதழ்களைப் பற்றியவை, நாவலுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெர்தரை மட்டும் வைத்துப் பூட்டுப் போட்டுவிட்டு, பாபகேனோவைப் பற்றிக் கேட்காமலே இருப்பது நியாயமா? இப்போது பூட்டிக் கிடப்பவற்றில் பெரும்பாலானவை மீண்டவர்களின் கதைகள். பின்னட்டையில் ஒரு சொல்லைப் பார்த்தே அவை பிரிக்கப்பட்டன. உள்ளே யார் பிழைத்தார்கள், யார் யாரிடம் போய் உதவி கேட்டார்கள் என்று ஒருவராவது படித்துப் பார்த்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்கிறது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 7 பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்பதும் அந்த நிறுவனத்தின் கணக்குதான். சராசரியாகப் பார்த்தால் 35 பேர் உள்ள ஒரு வகுப்பில் 5 பேர். அவர்கள் இந்தச் சொற்களை நம் புத்தகத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார்களா?

நாவலுக்குப் பதிலாகத் தகவல் கையேடு வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். கையேட்டுக்கு நான் எதிரி இல்லை, இரண்டும் இருக்கட்டும். ஆனால் நீங்கள் அனுப்பிய கையேட்டையே எடுத்துக்கொள்வோம். துக்கத்துக்கு ஐந்து நிலைகள், ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்கிறது. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் அந்த ஐந்தை 1969-ல் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. உறவைப் பறிகொடுத்த ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் மனம் அந்த வரிசையில் நடக்க வேண்டிய கட்டாயமில்லை. துக்கத்துக்குள் போவதும் அதிலிருந்து விலகி அன்றாட வேலைகளுக்குத் திரும்புவதுமாக மாறி மாறித்தான் மனிதர்கள் இழப்பைச் சமாளிக்கிறார்கள் என்று 1999-லேயே துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோபும் ஷூட்டும் விளக்கிவிட்டார்கள். தம்பி செத்த மறுவாரம் மைதானத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, நான் மனுஷனே இல்லையோ என்று தன்னையே வெறுக்கிற ஒரு பையனுக்குக் கையேட்டில் பதில் இல்லை. தன்னைப் போலவே சிரித்துவிட்டு, இரவில் குற்ற உணர்ச்சியில் தூங்காமல் புரள்கிற இன்னொரு பையனை நாவலில் பார்த்தால் அவனுக்குப் புரியும்.

மனச்சோர்வும் அப்படித்தான். பதின்பருவத்தில் அது எப்போதும் அழுகையாக வராது. எரிச்சலாக, எடுத்தெறிந்து பேசுவதாகவும் வரும். மருத்துவர்களின் நோயறி கையேடே இதைச் சொல்கிறது. நல்ல இளையோர் நாவலில் அந்தப் பிள்ளை பார்க்கப் பிடிக்காத பிள்ளையாகவே இருக்கும், கதவை அறையும், பொய் சொல்லும். 'முன்மாதிரி இல்லாத கதாபாத்திரங்கள்' என்று நீங்கள் குறித்திருப்பது இவர்களைத்தான். போதையிலிருந்து விடுபட்ட அண்ணன் மறுபடி அதில் விழுவது ஏன் கதையில் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்க்கையில் அப்படி நடப்பதால்தான் வருகிறது. விழுந்தவன் மறுபடி சிகிச்சைக்குப் போவதும் அதே கதையில்தான் வருகிறது.

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் துயரம் என்று வந்தாலே பெரியவர்கள் நாம் எல்லோரும் அதை மறைக்கவே பார்க்கிறோம். பாடக் கதைகளில் அம்மா ஒரு வரியில் இறந்துபோவாள், அடுத்த வரியில் மகன் முதல் மதிப்பெண் வாங்கிவிடுவான். போதை ஒழிப்பு நாளில் மண்டையோட்டுப் படத்தை ஒட்டிவிட்டு, உறுதிமொழி சொல்ல வைத்துவிட்டு, அத்துடன் கடமை முடிந்தது என்று கலைந்துவிடுவோம். வீட்டிலேயே அந்தப் பிரச்சினை இருக்கும் பிள்ளை, வரிசையில் நின்று அந்த உறுதிமொழியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதன் முகத்தை யாராவது பார்த்திருக்கிறோமா? தேர்வு முடிவு வரும் நாட்களில் மட்டும் பதறுகிறோம். பெரியவர்களால் பேச முடியாததைப் பேசுவதற்கு இருந்த ஒரு சில புத்தகங்களையும் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளைகள் எங்களிடம் எதையும் சொல்வதில்லை என்று குறைபட்டுக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

கோபத்தில் அதிகம் எழுதிவிடக் கூடாது. நான் கேட்பது, மறுபடியும், இதுதான்: புத்தகங்கள் திறந்த அலமாரிக்குத் திரும்ப வேண்டும், படிவம் இருக்கக் கூடாது. உங்கள் கவலைக்காகச் சிலவற்றைச் செய்யத் தயாராக இருக்கிறேன். மேல்வகுப்புகளுக்கானவற்றைத் தனி வரிசையில் வைக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும், பேச வேண்டும்போல் இருந்தால் யாரிடம் போகலாம், எந்த உதவி எண்ணை அழைக்கலாம் என்ற தாளை ஒட்டுகிறேன். ஆலோசகர் நூலக நேரத்தில் வாரம் ஒருமுறை வந்து சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், பிள்ளைகள் தாமாக வருவார்கள். தன் பிள்ளை குறிப்பிட்ட ஒரு நூலைப் படிக்க வேண்டாம் என்று ஒரு பெற்றோர் நினைத்தால், அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். ஒரு வீட்டின் மறுப்பு எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சட்டமாகிவிடக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு முன் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் பூட்டிய அலமாரியிலிருந்து ஒரே ஒரு நாவலை முழுதாகப் படித்துவர வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். படித்த பிறகும் ஏதாவது ஒரு நூல் ஆபத்தானது என்று தோன்றினால், எந்தப் பக்கம், ஏன் என்று சொல்லுங்கள், அந்த நூலைப் பற்றி மட்டும் பேசித் தீர்மானிப்போம். மற்றவற்றைப் பருவம் முடிவதற்குள் திருப்பித் தர வேண்டும். அந்த மாணவி பாதியில் விட்ட நாவல் ஆலோசகர் அறையில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. அதை மட்டுமாவது இந்த வாரமே எடுத்து வைக்க அனுமதி தாருங்கள்.

உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கும்,

பள்ளி நூலகர்