ஷூட்டிங் அன்றைக்கு வரச் சொன்னால் போகாதேயும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

வீட்டுத்தோட்ட நிகழ்ச்சி ஒன்றுக்கு ஆலோசகராக உம்மைக் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர். சந்தோசம். "ஷூட்டிங் அன்றைக்கு ஒருக்கா வந்து எதை எங்கே வைக்கலாம் என்று சொன்னால் காணும்" என்றார்களாம். காணாது. அன்றைக்குப் போனால் உமக்கு மிஞ்சுகிறது சட்டிகளை இடம் மாற்றுகிற வேலைதான். நீர் போகவேண்டியது திகதி குறிக்கிற கூட்டத்துக்கு. கொழும்பில் ரீவிக்காரரோடு தோட்டவேலை பார்த்த அளவில் நான் உமக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

தயாரிப்பாளர்களுக்கு சனவரியும் பெப்ரவரியும் பிடிக்கும். மழை குறைவு, வெளிச்சம் நல்லது, கமராவுக்கு மேலே குடை பிடிக்கத் தேவையில்லை. ஆனால் சனவரியில் வந்து "தோட்டம் போடுங்கோ" என்றால், லொறியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண் இறுகிக் கிடக்கும். கொத்தவும் முடியாது, வைத்த கன்றும் வெயிலில் வாடும். செப்டெம்பர் முடிகிற நேரம் மண்ணைக் கிளறிக் கூட்டெருவும் கழுவிய தேங்காய்த் தும்புச்சோறும் கலந்துவிட்டு, ஒக்டோபர் மழையோடு நட்டுப் பாரும். வல்லாரையும் பொன்னாங்காணியும் தை பிறக்க முதல் தரையை மூடிவிடும். மழை ஓயும்வரை நீர் தண்ணீர் ஊற்றவும் தேவையில்லை. மற்றதுகளைப் படப்பிடிப்புத் திகதியில் இருந்து பின்னோக்கி எண்ணும்: கீரைக்கு நாலு கிழமை, வெண்டிக்கும் பயற்றைக்கும் ஏறக்குறைய இரண்டு மாதம், கத்தரிக்கு அதைவிடக் கூட. கறிவேப்பிலையை எண்ணிப் பிரயோசனம் இல்லை, வளர்ந்த கன்றாக வாங்கும். பத்தரமுல்லையில் தியத்த உயனப் பக்கம் போனால் எல்லாம் ஓரிடத்தில் எடுக்கலாம்.

நேரம் இல்லையென்றால் கலை இயக்குநர் என்ன செய்வார் தெரியுமோ? பூச்சட்டிகளைச் சட்டியோடு மண்ணுக்குள் இறக்கி, விளிம்பை மரத்தூளால் மூடுவார். இலையில் கிளிசரின் தெளித்துப் பனித்துளி காட்டுவார். நாடகத்துக்கு அது பரவாயில்லை, கதாநாயகி இரண்டு நிமிசம் அழுதுவிட்டுப் போகப் போகிறாள். உம்முடைய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு கொட்டாஞ்சேனையில் ஒரு ஆள் தன் மொட்டை மாடியில் அதே மாதிரி நட வெளிக்கிடுவார். சட்டியோடு புதைத்ததுதான் ரீவியில் அப்படிப் பூத்தது என்று அவருக்கு யார் சொல்வது?

எழுத்துப்பிரதியையும் முன்கூட்டியே வாங்கிப் படியும். இங்கிலாந்து நிகழ்ச்சிகளைப் பார்த்து எழுதுகிறார்கள். "வசந்தம் வந்துவிட்டது, விதைப்போம் வாருங்கள்" என்று ஒருக்கால் கண்ணால் கண்டேன். கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம் கூட இல்லை. இங்கே விதைப்பைத் தீர்மானிப்பது மழை. அந்த வரியை வெட்டச் சொல்லும்.

இனிப் பூச்சிகள். இலையில் ஓட்டை கண்டால் அந்தச் செடியை ஃபிரேமுக்கு வெளியே தள்ளுவார்கள், அல்லது மருந்து அடிக்கக் கேட்பார்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதேயும். ஒரு தேசிக்கன்றையும் அந்தக் கறிவேப்பிலையையும் கமராவுக்குக் கிட்ட வையும். தாய் வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டை போடும். சின்னப் புழு பறவை எச்சம் போலத்தான் கிடக்கும், எவரும் கவனிக்கமாட்டார்கள். பெருத்த பிறகு பச்சை. தொட்டுப் பாரும்: தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் கவர்க்கொம்பு ஒன்று வெளியே வரும், கூடவே ஒரு நாற்றம். நாற்றம் ரீவியில் வராது, ஆனால் தொகுப்பாளரின் முகம் வரும்! முட்டையில் இருந்து சிறகு விரிக்கிறதுக்கு ஏறக்குறைய ஒரு மாதம். நாலு கிழமைக்கு நாலு சின்னப் படப்பிடிப்பு கேட்டால் தயாரிப்பாளர் முகத்தைச் சுழிப்பார். ஒரே நாளில் நாலு பாகம் எடுத்து முடிக்கிறதுதான் அவருக்குக் கணக்கு. அதனால்தான் திகதி குறிக்கிற கூட்டத்தில் இரும் என்கிறேன். அங்கே கேட்டால் கிடைக்கும். செட்டில் நின்று கேட்டால் சிரிப்பார்கள்.

நுளம்பு விசயத்தில் உம்மோடு சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2017இல் நாடு முழுக்க 180,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள். அதை மறந்தவர் கொழும்பில் இல்லை. இரவுப் படப்பிடிப்பு என்றால் புகை அடிக்கச் சொல்வார்கள். புகை பறக்கிறதை எல்லாம் கொல்லும், தேனீயும் போகும், நீர் ஒரு மாதம் காத்த வண்ணத்துப்பூச்சியும் போகும். தண்ணீருக்குள் கிடக்கிற குடம்பி, அதுதான் நுளம்பின் புழு, தப்பிவிடும். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கிற செட்தான் உண்மையான ஆபத்து: சட்டிக்குக் கீழே வைத்த தட்டு, அலங்காரத்துக்கு வைத்த பீப்பாய், இலையடியில் தண்ணீர் தேங்குகிற புரோமெலியாட். முட்டை நுளம்பாகிறதுக்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆறு நாளுக்கு ஒருக்கா வந்து கவிழ்த்து ஊற்ற ஒரு ஆளைச் சம்பளத்தோடு போடச் சொல்லும். அதற்கு அவர்கள் பஞ்சிப்பட்டால், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் என்று சொல்லும். நுளம்பு பெருக இடம்விட்டால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வழக்குப் போடலாம்.

குளம் வேண்டும், குளத்தில் ஊதாப்பூ வேண்டும் என்று கேட்டால் ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாம். 1905இல் அழகுக்கென்று இங்கே வந்தது, 1909இலேயே அதை ஒழிக்கத் தனிச்சட்டம் போடவேண்டி வந்தது. மஞ்சள் பூ வெடேலியாவும் அப்படித்தான். தரையை வேகமாக மூடும் என்று செட் ஆட்களுக்கு அதில் ஆசை. செட் உடைக்கிற அன்றைக்கு எல்லாவற்றையும் வாரி லொறியில் ஏற்றி, இருட்டில் எங்கேயோ சதுப்பு ஓரத்தில் கொட்டிவிடுவார்கள். முறித்த தண்டு அங்கே வேர்விடும். 2018இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று கொழும்புக்குக் கிடைத்த பெயர் அந்தச் சதுப்புகளால் கிடைத்தது. கன்றுகள் யாருக்குப் போகும், குப்பை எங்கே மக்கும் என்று செலவுப் பட்டியலில் ஒரு வரி எழுத வையும். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஏதாவது சந்தோசமாக எடுக்கும்.

"சேதனப் பசளை" (இயற்கை உரம்) என்று கமராவுக்கு முன்னால் சொல்லமுதல் ஒருக்கா யோசியும். 2021 மே மாதம் இனிச் சேதனப் பசளைதான் என்று அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்பவும் விட்டார்கள். நடுவிலே வயல்காரர் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உம்முடைய நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள்; அந்தச் சொல்லைக் கேட்டதும் சானலை மாற்றுவார்கள். அடுத்த வருசம் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னதும் ஞாபகம் இருக்கும். நீர் கொள்கை பேசாமல், கூட்டெருவைக் கையில் அள்ளிக் காட்டும், பிழிந்து காட்டும், எத்தனை கிழமையில் மக்கியது என்று சொல்லும். அவர்கள் கேட்பார்கள்.

சம்பளத்தை எழுத்தில் வாங்கும். "கடைசியில் நன்றி என்று பெயர் போடுவோம்" என்பது சம்பளம் இல்லை. பூச்சிமருந்து விற்கிற விளம்பரதாரர் வந்தால் போத்தல் தோட்டத்துக்குள் வராது என்றும் அதே தாளில் எழுத வையும்.

கூட்டத்துக்குப் போகமுதல் அந்தச் செலவுப் பட்டியலை எனக்கு ஒருக்கா அனுப்பும். தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றுகிற ஆளும் செட் உடைக்கிற செலவும் அதில் இருக்கோ என்று மட்டும் பார்த்துவிட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா