சந்திரகிரிக் கோட்டைப் பயணம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜனவரி 21, புதன்கிழமை, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைச் சந்திரகிரிக் கோட்டைக்கும் அதனுள் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்கிறோம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. சனி, ஞாயிறு என்றால் திருப்பதி நெரிசலிலேயே பாதி நாள் கரைந்துவிடும். அதனால்தான் வார நடுவில் வைத்தோம்.

தமிழகத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரத்தில் பிள்ளைகள் படிக்கும் வேங்கடமலைக்குப் பக்கத்தில்தான், திருப்பதியிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், இந்தக் கோட்டை இருக்கிறது. 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு விஜயநகர அரசர்கள் முதலில் பெனுகொண்டாவுக்கும் பின்னர் இங்கும் தலைநகரை மாற்றினார்கள். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் கொடுத்தவர் தாமல் வேங்கடப்ப நாயக்கர். அவருக்கு மேலே இருந்தவர் சந்திரகிரி அரசர். சென்னைப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு அந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

மூன்று மாடி ராஜமகாலில்தான் அருங்காட்சியகம். கல், செங்கல், சுண்ணாம்பு தவிர மரம் ஒரு துண்டுகூட இல்லாமல் கட்டியது அது. மேல்தளங்களின் பாரத்தை வளைவுகள் தாங்குகின்றன. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வெளிமதிலில் பெரும் பாறைக்கற்கள் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். கல்லைப் பிளக்க வரிசையாக அடித்த ஆப்புக்குழிகள் எங்காவது தென்படுகின்றனவா என்று தேடச் சொல்லப் போகிறோம்.

அருங்காட்சியகத்தில் ஒருவருக்கு ஒரு பொருள், 15 நிமிடம். அது எதனால் ஆனது, எங்கே கிடைத்தது, எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்து வரைய வேண்டும். இருபது கேள்வி கொடுத்தால் சிலையை விட்டுவிட்டுப் பெயர்ப்பலகையைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். பென்சில் மட்டும் போதும். பேனா வேண்டாம், கல்லில் மை ஊறினால் போகாது. கல்வெட்டு எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பதும் கூடாது. சுவரில் பெயர் கீறுவது விளையாட்டல்ல, 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றம். இதை நீங்களும் வீட்டில் ஒருமுறை சொன்னால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

மலைமேல் உள்ள கோட்டைப் பகுதிக்கு ஏறப் போவதில்லை. பாறையும் புதருமான வழியில் 60 பிள்ளைகளைக் கண்காணிக்க முடியாது. பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் உடன் வருகிறார்.

பேருந்து காலை 5.30-க்குப் புறப்படும், இரவு 8 மணிக்குள் திரும்பிவிடும். பாறைத்தரை உச்சிவெயிலில் நன்றாகச் சுடும் என்பதால் தொப்பியும் 2 லிட்டர் தண்ணீரும் கட்டாயம். செருப்பு வழுக்கும், ஷூ போட்டு அனுப்புங்கள். பேருந்தில் வாந்தி வரும் பிள்ளைகள் மாத்திரையைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ளட்டும். வளைவுகள் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. 15 வயதுக்கு உட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பிறந்த தேதி உள்ள பள்ளி அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

ஆந்திராவுக்குள் பேருந்து நுழையச் சிறப்பு அனுமதி பெறும்போதே பயணிகள் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு பெயர் சேர்க்க வழியில்லை. எனவே கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தை, பிள்ளைக்கு ஒவ்வாமை ஏதும் இருந்தால் அதையும் குறித்து, ஜனவரி 12-க்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்