பீப் சத்தத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு

பென்னாகரம் பக்கத்து மலையடிவாரப் பள்ளியில், 2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் அன்று எங்களோடு இருந்த எல்லாருக்கும் வணக்கம். ரொம்பத் தாமதமான மடல்தான், திட்டாதீர்கள்.

ஆர்டரில் தலைமை அலுவலர் என்று போட்டிருந்தது என் பேர். ஆனால் சாவடியை நடத்தியது நீங்கள். கோட்டூர் மலைக்குப் போனவர்கள் மாதிரி கழுதை மேல் ஓட்டு மெஷினை ஏற்றும் பாடு எங்களுக்கு இல்லை, டெம்போ பள்ளி வாசல் வரை வந்தது. டவர்தான் கிடையாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவான ஓட்டு எண்ணிக்கையைச் சொல்லியாக வேண்டுமே! தலையாரி அண்ணன் அதை எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு பின்னாலிருந்த பாறை மேல் ஏறி மண்டல அலுவலருக்கு போன் போட்டுவிட்டு வருவார், அந்த வெயிலில், ஒவ்வொரு தடவையும். அண்ணா, நன்றி.

அப்புறம் சத்துணவு அக்கா. கட்சிக்காரர்கள் கொடுக்கும் டீயைக்கூடத் தொடக்கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்கள், கடையும் இல்லை. விடிகாலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு தொடங்கி 50 ஓட்டு போட்டு, எண்ணிச் சரிபார்த்து, அழித்து, சீல் வைத்து முடித்தபோது கை நடுங்கியது பசியில்தான். மதியம் நீங்கள் கொண்டுவந்த களியும் கீரையும் இல்லையென்றால் நான் ஆறு மணி வரை தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

சரி, பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். 85 தாண்டியவர், வீட்டிலேயே ஓட்டு போடலாம் என்று அங்கன்வாடி அக்கா படிவத்தோடு போனபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே வந்தவர். பதிவேட்டில் கைநாட்டு வைத்தார், மறைப்புக்குள் போனார், வந்தார். பட்டனை அழுத்தினால் வர வேண்டிய பீப் சத்தம் வரவே இல்லை. மெஷின் கோளாறோ என்று பயந்து கட்சி ஏஜெண்டுகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு சின்னத்தின் மேல் அழகாக ஊதாக் கட்டைவிரல் ரேகை! விரலைத் துடைக்கத் துணி கொடுக்க மறந்தது நாங்கள்தான்.

ஏஜெண்டுகள் நாலு பேரும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். காலையில் கட்சிப் பந்தல் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டவர்கள். ஒருவர் திரும்பாமலே தோள் துண்டை நீட்டினார், கட்சிக் கரை இல்லாத துண்டுதானா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கித் துடைத்தேன். வெளியே அட்டை மாதிரியில் நீலப் பட்டனைக் காட்டிக்கொடுத்து அனுப்பியதும் பீப் வந்தது. “இதுக்குத்தானா இத்தனை பாடு” என்று பாட்டி எங்களைத்தான் திட்டினார். அது எந்தச் சின்னம் என்று இதுவரை ஊரில் யாருக்கும் தெரியாதாம். ஏஜெண்டு தம்பிகளே, அதற்குத்தான் உங்களுக்குப் பெரிய நன்றி.

தர்மபுரி தொகுதியில் 81 சதவீதத்துக்கு மேல், மாநிலத்திலேயே முதலிடம் என்று செய்தி வந்தபோது அங்கன்வாடி அக்கா நினைப்புதான் வந்தது. வீடு வீடாகப் போய் பூத் சீட்டு கொடுத்தவர். ஆறு மணிக்கு வரிசையின் கடைசி ஆளிடமிருந்து டோக்கன் கொடுத்துக்கொண்டு வந்தபோது, பின்னால் புதிதாக யாரும் நுழையாமல் நின்று பார்த்துக்கொண்ட போலீஸ் தம்பிக்கும் நன்றி. மெஷின்கள் ஓட்டு எண்ணும் இடமான செட்டிக்கரை கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

சத்துணவு அக்கா, ராத்திரிக்கு என்று கட்டிக்கொடுத்த தூக்கு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. மூடியில் உங்கள் மாமியார் பேர் வெட்டியிருக்கிறது. இந்த லீவில் கொண்டுவந்து தருகிறேன்.