கடல் இல்லாத ஊரிலிருந்து

வினிபெக், கனடா,
27.01.2026

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் அம்மாவும் சுகமாயிருக்க கோணேசப்பெருமானை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் மார்கழி நடுவிலேயே கிடைத்துவிட்டது. கல்கரி விலாசத்துக்குப் போட்டிருந்தீர்கள். வெளிக்கிடும்போது தபாற்கந்தோரில் காசு கட்டி ஒரு வருடத்துக்குக் கடிதங்களை இங்கே திருப்பிவிடச் சொல்லியிருந்தபடியால் தவறாமல் வந்தது. நாலு மாதத்துக்கும் செய்யலாம், ஆனால் ஊரிலிருந்து வரும் கடிதத்துக்கு நாலு மாதம் காணாது. பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்கு மன்னியுங்கள். கிழமைக்கு ஒருதரம் போனில் கதைக்கிறோம்தான், ஆனாலும் "தோஹா, டொரொண்டோ, கல்கரி, இப்ப இன்னொரு ஊர், எப்பதான் ஒரு இடத்தில இருப்பாய் எண்டு அம்மா கேக்கிறா" என்று நீங்கள் எழுதியதற்குப் போனில் பதில் சொல்ல வராது.

அம்மாவுக்குச் சொல்லுங்கள், ஊர் மாறுவதும் ஒரு தொழில் மாதிரித்தான், பழகினால் கை வந்துவிடும். பெட்டி இரண்டு, ஒவ்வொன்றும் 23 கிலோ. அதற்கு மேல் உள்ளதெல்லாம் போய் இறங்கும் ஊரில் பழைய சாமான் கடையில் வாங்கக்கூடியவை. தேங்காய்த் திருவலை, இடியப்ப உரல், அப்பாவின் படம், ஆவணங்கள் உள்ள கோப்பு, இந்த நாலும் மட்டும் எல்லா ஊருக்கும் வரும். வாடகை அறைக்குள் பெட்டியை வைக்கமுன் சுவர், நிலம், குழாய், சன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து, வீட்டுக்காரருக்குத் திகதியோடு அனுப்பிவிட வேண்டும். இந்த மாகாணத்தில் முற்பணமாக அரை மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. ஆனால் திரும்பிப் போகும்போது சுவரில் கீறல் என்று அதைக் கழிக்கப் பார்ப்பார்கள், படம் இருந்தால் கதை இல்லை. மருத்துவ அட்டைக்கு வந்த கிழமையே விண்ணப்பிக்க வேண்டும். பழைய மாகாணத்து அட்டை மூன்றாம் மாதம் பிறக்கும்வரைதான் செல்லும். பிந்தினால் இடையில் வருகிற காய்ச்சலுக்குக் கைக்காசு போகும்.

பிறகுதான் ஊரைப் படிப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பஸ்ஸில் ஏறி கடைசித் தரிப்பு வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். ஊரின் எலும்பு அப்படித்தான் பிடிபடும். இங்கே 2025 ஆனி (ஜூன்) கடைசியில் பஸ் பாதைகளை அடியோடு மாற்றிவிட்டார்கள். ஐம்பது வருடம் இருந்தவர்களும் என்னைப் போலவே தரிப்பிடத்தில் நின்று இலக்கத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்த வகையில் நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறேன். நடு நகரத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் மேலால் மூடிய பாலம் போட்டிருக்கிறார்கள், வெளியில் கால் வைக்காமலே பெரிய நூல்நிலையம் வரை போகலாம். விலாசத்துக்கு அத்தாட்சி காட்டினால் நூல்நிலைய அட்டை இலவசம். கதகதப்பு, இணையம், நல்ல கதிரை எல்லாம் அங்கே உண்டு. எந்த ஊரிலும் முதல் கிழமை எடுக்க வேண்டிய அட்டை அதுதான்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்று காலை மறை (மைனஸ்) 31 பாகை செல்சியஸ். காற்றோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மறை 40க்குக் கீழே. அந்த நிலையில் மூடாத தோல் 10 நிமிடத்துக்குள்ளேயே உறையத் தொடங்கும். முதலில் வலிக்கும். பிறகு வலி நின்று அந்த இடம் மெழுகு மாதிரி வெளுக்கும். வலி நின்றுவிட்டதே என்று இருப்பதுதான் ஆபத்து. அப்போது தேய்க்கக்கூடாது, உள்ளே போய் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைக்க வேண்டும். உடுப்பு மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டுவது பருத்தியாக இருக்கக்கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்திருக்கும், நடையை நிறுத்தினதும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே கம்பளி, நடுவில் தடித்த ஃபிளீஸ் சட்டை, வெளியே காற்றுப் புகாத மேலங்கி. சப்பாத்து ஓர் இலக்கம் பெரிதாக வேண்டும், இறுகினால் இரத்தம் விரலுக்குப் போகாது. கையுறையும் விரல் விரலாகப் பிரிந்ததை விட, நாலு விரலும் ஒன்றாக இருக்கிற பை மாதிரியானது நல்லது, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். நான் எல்லாம் வாங்கிவிட்டேன், அம்மா யோசிக்க வேண்டாம். அறை நிலத்துக்குக் கீழே. சன்னலை ஸ்னோ முக்கால்வாசி மூடியிருக்கிறது, ஸ்னோ போர்வை மாதிரிக் குளிரைத் தடுக்கும், உள்ளே நல்ல கதகதப்பு. ஒரு ஆள்தான், அமைதி.

மேல்வீட்டில் ஓர் உக்ரேன் ஆச்சி இருக்கிறா. இந்த ஊரில் அந்த ஆட்கள் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். அவ மறை 20 என்றாலும் உடுப்பை வெளியில் கொடியில்தான் காயப்போடுவா. முதல் நாள் பார்த்தபோது அவவுக்கு ஏதோ சுகமில்லை என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்தில் சட்டை பலகை மாதிரி விறைத்துவிடும், கையைப் பிடித்தால் ஆள் நிற்பது போல நிற்கும். ஆனால் காற்றும் வெயிலும் இருந்தால் அந்தப் பனிக்கட்டி தண்ணீராகாமலே நேரே ஆவியாகிப் போய்விடுகிறது. பின்னேரம் எடுக்கும்போது முக்கால்வாசி காய்ந்திருக்கும். உள்ளே கொண்டுவந்து அரை மணித்தியாலம் கதிரையில் போட்டால் சரி. விறைத்தபடி மடிக்கக் கூடாது, நூல் முறியும். சிவப்புக் கிழங்குச் சூப் ஒரு போத்தல் தந்தா. எங்களுடைய சொதிக்கு இருக்கிற புளிப்பு அதிலும் இருந்தது.

அத்தானுக்கு ஒரு விஷயம். இங்கே வடக்கே வினிபெக் ஏரி என்று ஒன்று இருக்கிறது, பரப்பில் இலங்கையின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மாரியில் அதன் மேல் லொறி ஓடும். அந்த ஐஸுக்குக் கீழே வலை விடுகிறார்கள். எப்படியென்றால், முதலில் ஒரு கிடங்கு வெட்டி, ஓர் ஆள் நீளத்துக்கும் கூடிய மிதக்கும் பலகை ஒன்றை ஐஸுக்கு அடியில் தள்ளுவார்கள். பலகையின் நடுவில் ஒரு நீள வெட்டு, அதில் கூர் இரும்புக் கை ஒன்று. கிடங்கில் நிற்பவர் கயிற்றை இழுத்தால் அந்தக் கை எழும்பி ஐஸின் அடிப்பக்கத்தில் குத்திப் பலகையை முன்னுக்குத் தள்ளும். விட்டுவிட்டு இழுக்க இழுக்கப் பலகை கயிற்றையும் கொண்டு ஐஸுக்குக் கீழே தவழ்ந்து போகும். மேலே ஓர் ஆள் அந்த டொக் டொக் சத்தத்துக்குப் பின்னால் நடப்பார். வலை நீளம் வந்ததும் அந்த இடத்தில் இரண்டாவது கிடங்கு வெட்டிக் கயிற்றைப் பிடித்து, வலையைக் கட்டி இழுத்துவிட்டால் பாடு முடிந்தது. ஸ்னோ தடிப்பாகக் கிடந்தால் சத்தம் கேளாது, பலகை காணாமல் போகும். அதற்காகவே பளிச்சென்று நிறம் பூசுவார்கள். தெளிந்த நீல ஐஸ் 10 சென்ரிமீற்றர் இருந்தால் ஓர் ஆளைத் தாங்கும் என்பார்கள், நான் 15க்குக் குறைந்தால் கால் வைக்கமாட்டேன். வெள்ளை ஐஸுக்குப் பாதிப் பலம்தான். கரைவலை இழுத்த கைகளுக்கு இது விளங்கும். சல்லிக் கடற்கரையில் இருபது பேர் பாட்டுப் பாடி இழுப்பதை இங்கே இரண்டு பேர் வாய் திறக்காமல் செய்கிறார்கள், வாய் திறந்தால் பல்லுக் கூசும்.

அந்த மீனுக்குப் பிக்கரல் என்று பேர். நல்ல தண்ணீர் மீன், வெள்ளைத் தசை, முள்ளுக் குறைவு, ஆனால் விளைமீனின் இறுக்கம் இல்லை. நாங்கள் வைப்பது போல மீனைப் போட்டுக் கொதிக்க விட்டால் கரைந்து கஞ்சியாகிவிடும். முதலில் குழம்பை மட்டும் பழப்புளி கட்டியாக விட்டு வற்ற வைத்து, கடைசி ஏழு நிமிடத்துக்குத்தான் மீன். அகப்பை போடாமல் சட்டியைப் பிடித்து ஆட்ட வேண்டும். உப்பு ஒரு சிட்டிகை கூட வேண்டும், கடல்மீனின் ருசி இதில் இல்லை. கடையில் சதை மட்டும் விற்பார்கள். தலையும் நடுமுள்ளும் கேட்டால் மலிவாகத் தருவார்கள், குழம்புக்கு ருசி அதில்தான். ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நாளைக்கு எனக்குக் காணும்.

தூள் முடியப் போகிறது அக்கா. இங்கே மாரியில் மிளகாய் வறுக்க வழியில்லை. சன்னல் திறக்க ஏலாது, புகைக்கு மணி அடித்தால் முழு வீடும் அந்தக் குளிருக்குள் இறங்கி நிற்க வேண்டிவரும். அம்மாவின் அளவிலேயே செய்யுங்கள்: செத்தல் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, பெருஞ்சீரகம் 250 கிராம், மிளகும் சின்னச்சீரகமும் 100, வெந்தயம் 50, மஞ்சள் ஒரு சின்னக் கட்டை, கருவேப்பிலை இரண்டு பிடி. தனித்தனியாக வறுக்க வேண்டும், மல்லி பதம் வரமுன் வெந்தயம் கருகிக் கசந்துவிடும். மில்லில் இருந்து சூடாக வரும் தூளை உடனே பையில் கட்டாதீர்கள். தாளில் பரப்பி ஓர் இரவு ஆறவிட்டுக் கட்டுங்கள். போனமுறை சூட்டோடு கட்டியதால் உள்ளே வியர்த்துக் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இந்தக் குளிரில் ஒரு மணமும் இல்லை. மூக்குக்குள் மயிர் விறைத்து நிற்கும், மண்ணும் மரமும் ஒன்றும் மணக்காது. எந்த ஊரில் போய் இறங்கினாலும் கடல் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் பார்ப்பேன், அதை வைத்துத்தான் திசை பிடிபடும். திருகோணமலையில் பிறந்தவனுக்கு மூன்று பக்கமும் தண்ணீர் இருந்து பழக்கம். தோஹாவில் கடல் இருந்தது. டொரொண்டோவில் கடல் மாதிரி ஓர் ஏரி. இங்கே இரண்டு ஆறு சந்திக்கின்றன, இரண்டும் உறைந்து கிடக்கின்றன, அதன் மேல் ஆட்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். உப்புத் தண்ணீருக்கு வடக்கே ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் போக வேண்டும். காலை ஏழு மணி இங்கே இருட்டு. அங்கே உங்களுக்குப் பின்னேரம் ஆறரை. கோணேசர் கோயில் மணி கேட்கிற நேரம், கோட்டை வாசலில் மான்கள் படுத்திருக்கிற நேரம். வேலைக்கு நடக்கிற முப்பத்தைந்து நிமிடமும் நான் அந்தப் பாதையால்தான் நடக்கிறேன்.

சரி, வீட்டு விஷயம். பாலையூற்று வளவில் பக்கத்துக்காரர் வேலியை மூன்று அடி தள்ளிப் போட்டதை அப்படியே விடாதீர்கள். சண்டைக்கும் போகாதீர்கள். காணி உறுதியும் அளவைப்படமும் அம்மாவின் இரும்புப் பெட்டியில் உள்ளன. மூலப்பிரதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம், படப்பிரதி போதும். அனுமதி பெற்ற நில அளவையாளரைப் பிடித்து, பழைய படத்தின்படி எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லுங்கள், அந்த நேரம் அவர்களும் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒத்துவராவிட்டால் கிராம சேவகருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு மத்தியஸ்த சபைக்குப் போகலாம். தடையில்லாமல் 10 வருடம் ஆண்டுவிட்டால் உரிமை கோர வழியுண்டு, ஆகவே இப்போதே எழுத்தில் ஆட்சேபம் இருக்க வேண்டும். என் கையெழுத்து வேண்டுமென்றால் டொரொண்டோ துணைத்தூதரகத்தில் அட்டோனிப் பத்திரத்தை (எனக்காக நீங்கள் கையெழுத்திடும் அதிகாரம்) உறுதிப்படுத்தி அனுப்பலாம், ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள்.

இந்த மாதக் காசு மாசி (பெப்ரவரி) 10க்குப் பிறகுதான் வரும். புது மாகாணம், சம்பளக் கணக்கு மாறுகிற நாட்கள், வேறொன்றும் இல்லை. அம்மாவின் கண் மருந்து மட்டும் நிற்கக்கூடாது, அதுவரை அத்தானிடம் வாங்குங்கள். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு வழமை போல நீங்கள் கொடுங்கள், நான் இங்கே விரதம் இருக்கிறேன். மூத்தவளைப் படிப்பை விட்டுவிட்டு ஏஜென்சிக்காரனிடம் போக விடாதீர்கள். கடவுச்சீட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு காசு கேட்பவன் எவனென்றாலும் வேண்டாம்.

மாசி 15 சிவராத்திரி. அதற்குப் பிறகு சுவாமி நகர்வலம் எங்கள் ஒழுங்கைப் பக்கம் எந்த இரவு வரும் என்று கேட்டு எழுதுங்கள். படலையில் நிறைகுடம் வைக்கும்போது என் பேருக்கும் ஒரு தேங்காய். வீடியோ வேண்டாம் அக்கா, போனை மதிலில் வைத்துவிடுங்கள், மேளச் சத்தம் கேட்டால் காணும். அன்றைக்கு நான் லீவு போட்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி

பி.கு: திருவலையின் பல்லு மழுங்கிவிட்டது. தூளோடு ஒரு சின்ன அரத்தையும் வைத்து அனுப்புங்கள்.