'டயர்டு' என்றால் எந்த டயர்டு?

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பாப்பா ஓஇடி, அதான் நர்ஸ், டாக்டர் மாதிரி மருத்துவத் துறைக்காரர்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை, எழுதப் போகிறாள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "உடம்பு அசதிக்கு இங்கிலீஷில் சரியான வார்த்தை என்னடா, வெள்ளைக்காரர்களோடுதானே புழங்குகிறாய்" என்று கேட்டிருந்தாய். கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் ரூம் விடுகிறவனிடம் கேட்க வேண்டியதுதான். டால்பின் நோஸ் பாறைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குகிறவர்கள், ஏறி வந்ததும் என் திண்ணையில்தான் சாய்கிறார்கள்.

ஒரே வார்த்தையெல்லாம் கிடையாது. 'டயர்டு ஆஃப் வாக்கிங்' என்றால் நடந்து சலித்துவிட்டது, இனி வேண்டாம் என்று அர்த்தம். கால் ஓய்ந்ததைச் சொல்ல 'டயர்டு ஃப்ரம் வாக்கிங்'. 'ஆஃப்டர்' போட்டாலும் சரி. நோயாளி 'ஐயம் டயர்டு ஆஃப் திஸ்' என்றால் மனசு வெறுத்துப் பேசுகிறார். நர்ஸ் காதில் அது விழ வேண்டும்.

அப்புறம், ஏற்றம் 'டயரிங்', ஏறியவன் 'டயர்டு'. துளித் தெம்பும் இல்லையென்றால் 'எக்ஸாஸ்டட்'. அதற்கு முன்னால் 'வெரி' அவ்வளவாக ஒட்டாது, 'கம்ப்ளீட்லி' ஒட்டும். 'மை லெக் இஸ் பெயினிங்' நம்மூரில் ஓடும், அங்கே 'மை லெக் ஹர்ட்ஸ்'. மறுநாள் தொடை தொட்டாலே வலிக்குமே, அது 'ஸோர்'. மடக்க முடியாமல் பிடித்துக்கொண்டால் 'ஸ்டிஃப்'. இங்கிலாந்துக்காரர்கள் 'நேக்கர்டு' என்பார்கள். ஓய்ந்துபோன குதிரைகளை வெட்டுக்கு வாங்குகிறவன் 'நேக்கர்', அதோடு சேர்ந்த சொல். கேட்டால் புரிந்தால் போதும், பரீட்சையில் வேண்டாம், கொச்சை.

என்னைக் கேட்டால் வார்த்தையை விட விசாரிக்கத் தெரிவதுதான் முக்கியம். பேச்சுத் தேர்வில் இரண்டு ரோல்ப்ளே உண்டு, எதிரில் இருப்பவர் நோயாளியாகப் பேசுவார். 'டயர்டு' என்று அவர் சொன்னால் தூக்கமா, பலமில்லையா, மூச்சு வாங்குதா என்று பிரித்துக் கேட்கணும்: 'ஸ்லீப்பி', 'வீக்', 'ஷார்ட் ஆஃப் ப்ரெத்'. போன சீசனில் ஒரு அம்மா பாதி ஏற்றத்தில் வேர்மேல் உட்கார்ந்து 'டயர்டு, டயர்டு' என்றார். கூட வந்தவர்கள் குளுக்கோஸ் கரைத்துக் கொண்டிருந்தார்கள். அவர் கை பைக்குள் துழாவிக்கொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் இன்ஹேலரைத் தேடுகிறார் என்று புரிந்தது.

இங்கே பிளம்ஸ் முடிந்து பேரிக்காய் வந்துவிட்டது. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. ரூமில் இருப்பவர்களோடு இரண்டு நாள் பேசிப் பழகட்டும். காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்துவிடு, இல்லாவிட்டால் செக்போஸ்ட்டில் நிற்க வேண்டிவரும்.

அன்புடன்,
உன் மாப்ளே